மஞ்சள் போடாத மீன்

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் இடுப்பு விட்டுப்போகும் என்று பவளக்கொடிக்கு ஐம்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. பங்குனி வெயில் காலை இட்லி வேகிற நேரத்துக்கே கொள்ளிடத்து மணலைச் சுட வைத்துக்கொண்டிருந்தது. இவளானால் நாணல் புதருக்குப் பின்னால் தலையிலிருந்து கணுக்கால் வரைக்கும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள், சொல்லிட்டுப் போகட்டும், அவங்களுக்கு என்ன தெரியும். எதிரே, பம்பு ஷெட்டை ஒட்டி, பாதி கரையிலும் பாதி மடுத் தண்ணீரிலுமாக நின்ற கம்பிக்கூண்டின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. விடிந்ததும் வனத்துறை டாக்டரம்மா தன் கையால் திறந்து, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போன கதவு. உள்ளே அது படுத்திருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், அதனால் அது வெறும் அதுதான், நீர்நாய்க் குட்டி. குட்டி என்ன குட்டி! போன ஐப்பசி வெள்ளத்தில் ஒரு சாண் உருப்படியாக வந்தது, இன்றைக்கு அதன் வால் மட்டும் அவள் முழங்கை நீளம். கதவு திறந்திருக்கு தாயி. கண்ணு தெரியலையா? நம்ம வீட்டுக் கதவு ஒரு நிமிஷம் திறந்திருந்தா தெருவுல போற நாயெல்லாம் உள்ள வருது, நீ என்னடான்னா வெளிய வர நல்ல நேரம் பார்க்கிறே. எந்திரிம்மா. எந்திரிச்சு ஆத்தைப் பாரு. அது எழுந்திருக்கவில்லை. மல்லாந்து படுத்து, தன் வாலைத் தானே பிடித்து மென்றுகொண்டிருந்தது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, அதற்கு மேல் இல்லை. மடு வற்றிக்கொண்டு வந்தது. அதில் மீன் பிடிக்க வருகிற நீர்நாய்க் குடும்பம் தண்ணீர் இன்னும் இறங்கினால் கீழே எங்கேயாவது ஆழமான மடுவைத் தேடிப் போய்விடும். அதற்குள் இது அதுகளோடு சேர வேண்டும். சேராவிட்டால் வருகிற வாரம் உயிரியல் பூங்காவிலிருந்து வண்டி வரும். சிமென்ட் தொட்டி, சுற்றிலும் கம்பி, கம்பிக்கு வெளியே சனம், சனத்தின் கையில் பொரி. சாகும் வரைக்கும் அதுதான்.

பவளக்கொடியின் வாயைப் பற்றி மீன் மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அருவாமனையில் உட்கார்ந்துவிட்டாள் என்றால் கை ஒரு பக்கம் விராலைத் தோலுரிக்கும், வாய் ஒரு பக்கம் மீன் வாங்க வந்தவரை உரிக்கும். என்ன சார் நேத்து வாங்கின கெளுத்தி எப்படியிருந்தது, அம்மா ஒண்ணும் சொல்லலையா, சொல்லியிருப்பாங்களே, உங்க மூஞ்சியே சொல்லுதே. அவள் பேசுவதைக் கேட்பதற்கென்றே கால் கிலோ அயிரை வாங்கி ஆயக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் டாக்டர் நஸ்ரின் அந்த நிபந்தனையைப் போட்டார். 'அக்கா, இது கிட்ட போகும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது. மனுசக் குரல் கேட்டா பயந்து ஓடணும் இது. உங்க குரலைக் கேட்டா பால் வரும், மீன் வரும்னு பழகிடுச்சுன்னா, நாளைக்கு எவன் கூப்பிட்டாலும் வாலை ஆட்டிக்கிட்டுப் போய் நிக்கும். கூப்பிடுறவன் கையில என்ன வச்சிருக்கானோ யாருக்குத் தெரியும்?' மூஞ்சியும் தெரியக் கூடாது, அதற்குத்தான் இந்த ரெயின்கோட். கூண்டுக்குள் போகிற நேரமெல்லாம் ஒரே கோட்டு, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு. அதைக் கேட்டு அவள் புருஷன் காத்தமுத்து வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். 'டாக்டரம்மா, நான் முப்பது வருசமா வேண்டாத சாமியில்ல. நீங்க ஒரே பேச்சுல முடிச்சுட்டீங்க.' மனுசனுக்கு எகத்தாளத்தைப் பார். ஆனால் பேசாமல் இருந்தால் பேச்சு எங்கேயும் போய்விடவில்லை என்பதைப் பவளக்கொடி கண்டுகொண்டாள். அத்தனையும் உள்ளே இறங்கிவிட்டது. வெளியே வாய் பூட்டிக் கிடக்க, உள்ளே சந்தை கூடிவிட்டது. பால் புகட்டும்போது உள்ளே தாலாட்டு, சிரங்கு மாதிரி ஏதோ வந்து மருந்து தடவியபோது உள்ளே ஒப்பாரி, அது முதல்முதலாக அவள் கட்டைவிரலைக் கடித்து ரத்தம் வந்தபோது உள்ளே அவள் விட்ட வசவில் ஒரு கப்பலே கவிழ்ந்திருக்கும். இப்போதும் அப்படித்தான். ஏண்டி, வாலை அப்புறம் தின்னலாம்டி, அது எங்கயும் போயிடாது, உன் பின்னாடியேதான் வரும்.

வெள்ளம் வந்த அன்றைக்குக் காத்தமுத்து கரையோரமாகக் கட்டிவைத்த பரிசலைப் பார்க்கப் போனவர், ரெயின்கோட்டின் மடிப்பில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். இதே ரெயின்கோட்தான். 'மேல மணல்மேட்டு வளையெல்லாம் முழுகிப்போச்சு பவளம். இது நாணல்ல தொத்திக்கிட்டுக் கத்துது. ஆயி அப்பன் ஒண்ணையும் காணோம்.' எலியென்று நினைத்து அவள் ஒரு அடி பின்னால் போனாள். நனைந்த எலி. அது வாயைத் திறந்து ஒரு விசில் அடித்தது பாருங்கள், காது கிழிந்துவிட்டது. இந்த அளவு உடம்பிலிருந்து இந்த அளவு சத்தமா என்று அவளுக்கே பொறாமையாக இருந்தது. வனத்துறைக்குப் போன் போட்டு, டாக்டரம்மா ஜீப்பில் வந்து, பார்த்து, தொட்டு, உதட்டைப் பிதுக்கி, ஆற்றோரத்தில் வளர்ந்தால்தான் இதற்கு ஆறு தெரியும், ஆகவே இங்கேயே கூண்டு கட்டுவோம், நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா அக்கா என்று கேட்டபோது பவளக்கொடி சரி என்று சொன்னாள். ஏன் சொன்னாள்? அன்றைக்கு ஆற்றில் மீன் கிடையாது, மார்க்கெட் கிடையாது, சும்மா இருந்தாள், அதனால் சொன்னாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள். உண்மை அது இல்லை. அது அவள் உள்ளங்கையில் மூக்கை நுழைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது, வேலைக்குப் போய்விட்டு வந்த ஆம்பிளை மாதிரி, அவ்வளவுதான், இவள் அவுட். அப்புறம் நாய்க்குட்டிப் பால்பவுடர், ஊசியில்லாத சிரிஞ்சு, வாய் துடைக்கப் பழைய வேட்டித் துணி. அப்புறம் தண்ணீர். நீர்நாய்க்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? பேரே நீர்நாய். கல்யாண வீட்டு அண்டா ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஊற்றி அதை உள்ளே விட்டால், ஐயோ கொலை கொலை என்று விசிலடித்து, அவள் கைவழியே ஏறி, தோள்வழியே ஏறி, தொப்பிக்கு மேலே உச்சந்தலையில் நின்றுகொண்டு கீழே அண்டாவை எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா சொன்னார், 'எல்லாக் குட்டிக்கும் முதல்ல பயம்தான் அக்கா, தாய்தான் கழுத்தைப் பிடிச்சு உள்ள தள்ளும்.' தாய் எங்கே? தாய் இடத்தில் இவள். ஆகவே மார்கழிக் குளிரில், இடுப்பு வரைக்கும் மடுத் தண்ணீரில், ரெயின்கோட்டோடு இவளும் முங்கினாள். அது கரையில் நின்று விசிலடித்தது. இன்னொரு முறை முங்கினாள். அடுத்த முறை முங்கி எழுந்தபோது பக்கத்தில் ஒரு சப்பை மூக்கு மிதந்துகொண்டிருந்தது. அந்த மூக்கில் ஒரு நீர்க்குமிழி. அன்றைக்கு உள்ளே அவள் போட்ட குலவை யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் அவள் காதுக்குள் சாயங்காலம் வரைக்கும் நின்றது.

அது எழுந்துவிட்டது. இல்லை, புரண்டு படுத்தது. சரி. பதறாதே. பதறினால் மூச்சு ஏறும், மூச்சு சத்தம் கேட்கும். ஆனால் பதறாமல் எப்படி இருப்பது, மீன் என்றாலே பதறத்தானே வேண்டியிருக்கிறது. மீனில்தான் அவள் தப்புப் பண்ணினாள். வேறு எவளும் பண்ணியிருக்க முடியாத தப்பு. குட்டிக்குப் பல் வந்ததும், 'இனிமே சின்னச் சின்ன மீனாக் குடுங்க' என்றார் டாக்டரம்மா. குடுங்க என்றால் எப்படிக் குடுப்பது? ஆயாத மீனை ஒரு பச்சைப்பிள்ளை முன்னால் வைக்கிறதா? முப்பது வருஷமாக இந்தக் கையால் ஊருக்கெல்லாம் மீன் ஆய்ந்து கொடுத்தவள், தன் வீட்டுப் பிள்ளைக்குச் செதிலோடும் செவுளோடும் கொடுப்பாளா? சாம்பல் தொட்டு உரசி, குடலெடுத்து, தலையெடுத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, கல்லுப்புப் போட்டு அலசி, கவிச்சி போக மஞ்சள்தூள் தடவி, விரல்கடை அளவு துண்டு துண்டாகத் தட்டில் வைத்தாள். தின்றது, தின்றது, அப்படித் தின்றது. தட்டை நக்கியது. மஞ்சள் மீசையோடு திரிந்தது. பார்க்கிறவர் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. அப்புறம் ஒருநாள் டாக்டரம்மா ஒரு வாளியில் உயிர்க் கெண்டையோடு வந்து, கூண்டுத் தண்ணீரில் விட்டார். கெண்டை ஒரு துள்ளுத் துள்ளியது. அவ்வளவுதான். நீர்நாய் வம்சத்துக்கே மானக்கேடாக, அது அலறியடித்துக்கொண்டு பவளக்கொடியின் ரெயின்கோட்டுக்குள் புகுந்து அக்குளில் ஒளிந்துகொண்டது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கூண்டுக்கு வெளியே, காதுக்கு எட்டாத தூரத்துக்கு அழைத்துப் போய், 'மீனை எப்படி அக்கா குடுக்கிறீங்க?' என்று கேட்டார். தட்டைக் காட்டினாள். மஞ்சள் மஞ்சளாகத் துண்டு. டாக்டரம்மா தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'குழம்பு மட்டும்தான் பாக்கி அக்கா, தாளிச்சு ஊத்தியிருக்கலாம்!' இவளும் சிரித்தாள். பிறகு டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: 'இதுக்கு மீன்னா மஞ்சளா, மெத்துன்னு, தட்டுல கிடக்கும்னுதான் தெரியும். ஆத்துல அது எங்க கிடைக்கும்? பட்டினியில செத்துடும் அக்கா.'

செத்துடும். அந்த வார்த்தை இன்னும் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது, சோற்று உருண்டை விழுங்கினாலும் இறங்க மாட்டேன் என்கிறது. முதலில் மஞ்சளை நிறுத்தினாள். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, இது யார் வீட்டுச் சாப்பாடு என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பட்டினி கிடந்தது. அது பட்டினி கிடந்தால் இவளுக்கும் சோறு இறங்காது. அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், இவ்வளவு பெரிய ஆத்துல என் கையில வந்து மாட்டினியேடி என்று. பசி பொறுக்காமல் அது ஒருவழியாகத் தின்றதும், அடுத்து முள்ளோடு ஒரு துண்டு. அப்புறம் தோலும் செதிலுமாக. அப்புறம் தலையோடு முழுசாக. இத்தனை வருஷம் கை எதையெல்லாம் பழகியிருந்ததோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக விட வேண்டியிருந்தது. மீனைக் கையில் எடுத்தாலே கட்டைவிரல் தானாகச் செவுளுக்குள் போகும், சும்மா இருடா என்று விரலை அதட்டுவாள். கடைசியில் உயிர்மீன். கூண்டுத் தண்ணீரில் ஒரு குரவையை விட்டுவிட்டு அவள் மூலையில் நின்றாள். அது பார்த்தது. குரவை ஓடியது. இது பின்னாலேயே போய் மோப்பம் பிடித்தது, ஓடியது, முட்டியது, திடீரென்று முங்கி, பாசியெல்லாம் கலங்க, எழுந்தபோது வாய் குறுக்கே குரவை துடித்துக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. தின்னுடி! தலையிலேர்ந்து தின்னுடி! உள்ளே அவள் கத்திய கத்தலில் ரெயின்கோட்டே பொத்தான் தெறித்திருக்க வேண்டும். தின்றது. தலையிலிருந்து, கறுக்மொறுக்கென்று. ஆனால் அது கூண்டு. மீனுக்கு ஓட வழி கிடையாது. மடுவில் மீன் அப்படி வந்து நிற்குமா? அந்தக் கேள்வி வந்ததும் மனசு மறுபடியும் மஞ்சளுக்குப் போய்விட்டது, மஞ்சளிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து, ஐயையோ, அடுப்பை அணைச்சோமா? பால் வைத்தாள். பால் பொங்கினது நினைவிருக்கிறது. இறக்கினது நினைவிருக்கிறது. திருகினது? திருகினது நினைவிருந்தால்தானே.

பின்னால் மணல் நொறுங்கியது. காத்தமுத்துதான், பூனை மாதிரி நடக்கிறதாக நினைத்துக்கொண்டு எருமை மாதிரி நடந்து வந்தார், கையில் பிளாஸ்க். காதோரமாகக் குனிந்து, 'டீ' என்றார். அவள் அதைவிடச் சின்னக் குரலில், 'அடுப்பு?' என்றாள். 'அணைச்சிட்டேன். சிலிண்டரையும் மூடிட்டேன். நீ பாட்டுக்குப் பாலை இறக்கி வச்சிட்டு வந்துட்டே, தீ எரிஞ்சுக்கிட்டுக் கிடக்கு.' மகராசன். அந்த நிமிஷம் அவருக்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்திருப்பாள், ரெயின்கோட் தொப்பி இடித்தது. 'டாக்டரம்மா எங்க?' 'அந்தா, கருவேலத்துக்குப் பின்னால, பைனாகுலரோட. அந்தப் புள்ளை நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரலே இல்ல இனிமே.' டீயைக் குடித்தபடி இரண்டு பேரும் கூண்டைப் பார்த்தார்கள். இவரா இப்படி வந்து உட்கார்ந்திருப்பது! வலையைப் போட்டுவிட்டு வந்தால் காலையில் பாதி வலை கிழிந்து கிடக்கும், மீன் தலைகள் மட்டும் கிடக்கும். நீர்நாய் என்ற பேரைக் கேட்டாலே காறித் துப்புகிற மனுஷன். அவரைத்தான் டாக்டரம்மா அந்த வேலைக்குப் பிடித்தார். எதிர்ப்பாறையில் காட்டுக் குடும்பம் தினமும் வந்து எச்சமிடும். அந்த எச்சத்தை மணலோடு அள்ளிவந்து கூண்டுக்குள் போட வேண்டும். கூண்டு எச்சத்தை அள்ளிக்கொண்டுபோய் அந்தப் பாறையில் வைக்க வேண்டும். இதன் வாசனை அதுகளுக்கும் அதுகளின் வாசனை இதுக்கும் பழகிவிட்டால், நேரில் பார்க்கும்போது கடித்துக் குதறாது. காத்தமுத்து பரிசலில் தட்டோடு உட்கார்ந்துகொண்டு போவார், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. 'உலகத்துல பொண்ணு வீட்டுச் சீரு எத்தனையோ பார்த்திருக்கேன் பவளம். தட்டுல இதை வச்சு எடுத்துட்டுப் போற மொத சம்பந்தி நான்தான்.' அப்புறம் ஒருநாள் தானாகவே, அதிகாலையில், யாரும் சொல்லாமல் கிளம்பினார். திரும்பிவந்து, 'அந்தப் பக்கத்துக்காரங்க நம்ம சீரை ஏத்துக்கிட்டாங்க, அது மேலேயே அவங்களதையும் போட்டிருக்காங்க' என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை, மூத்த மகன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக்கூட இல்லை. இப்போது அவர் அவள் முழங்கையைப் பிடித்தார். பிடி இறுகியது. 'வந்துட்டாங்க.'

தண்ணீரில் நாலு தலை. எண்ணெய் தடவி வாரின மாதிரி, தட்டையாக, கருப்பாக. முன்னால் தாய், நடுவில் இரண்டு குட்டி, கடைசியில் அந்தத் தடியன். அவனைத்தான் பவளக்கொடிக்குப் பிடிக்காது. காது கிழிந்தவன். வேற்றுக் குட்டியை ஆண் விடுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, 'சில சமயம் விடும், சில சமயம்...' என்று சொல்லி நிறுத்திவிட்டார், மீதியைக் கேட்க இவளுக்குத் தைரியமில்லை. நாலும் பாறையில் ஏறி உடம்பை உலுக்கின. கூண்டுக்குள்ளிருந்து ஒரு விசில். அப்பாடா, பார்த்துவிட்டது. எழுந்தது. கதவு வரைக்கும் வந்தது. முன்கால் இரண்டும் வெளியே, பின்கால் இரண்டும் உள்ளே, அப்படியே நின்றது. போடி, போடி, போடி. அது திரும்பியது. தண்ணீரைப் பார்த்தல்ல, நாணலைப் பார்த்து. அடி பாவி, இங்க வராதே! மணலில் குதித்துக் குதித்து, முதுகை வளைத்து வளைத்து, நேரே ரெயின்கோட்டிடம் வந்து, அவள் இரண்டு பாதத்தின் மேலும் ஏறிப் படுத்து, ஈரத் தாடையை விரல்மேல் வைத்துக்கொண்டது. பவளக்கொடி கட்டையாக உட்கார்ந்திருந்தாள். அந்தத் தலை கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. காதுக்குப் பின்னால் ஒரு இடம் உண்டு, அங்கே சொறிந்தால் கண்ணைச் செருகிக்கொள்ளும். ஒரே ஒரு தரம். யாருக்குத் தெரியப்போகிறது? கைவிரலெல்லாம் அரிக்கிறது. வேண்டாம், இப்போது சொறிந்தால் அது இங்கேயே இருக்கும், இங்கேயே இருந்தால் சிமென்ட் தொட்டிதான், பொரிதான். கையை அவள் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கி உட்கார்ந்துகொண்டாள். என்னை என்ன பார்க்கிறே, என்கிட்ட ஒண்ணும் இல்ல, மீனும் இல்ல, பாலும் இல்ல, நான் வெறும் கோட்டு. தடியன் இந்தக் கரைக்கு வந்துவிட்டான். தண்ணீர் சொட்டச் சொட்ட மணலில் நின்று, மூக்கைத் தூக்கி ஒரு செருமல் செருமினான். பாதத்தின் மேல் அந்த உடம்பு விறைத்தது. இதயம் அடித்துக்கொள்வது அவள் தோலுக்குத் தெரிந்தது, அதனுடையதா இவளுடையதா என்றுதான் தெரியவில்லை.

தடியன் ஒன்றும் செய்யவில்லை. முதுகைத் தேய்க்க நல்ல மணலாகப் பார்த்துப் புரண்டான், எழுந்தான், போய்விட்டான். அட இவ்வளவுதானா நீ! இதற்கா இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். பிறகு நடந்ததுதான் பவளக்கொடி எதிர்பாராதது. மீன் வந்து கூப்பிடும், தாய் வந்து கூப்பிடும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வந்து கூப்பிட்டதோ சறுக்கல். காட்டுக் குட்டிகள் இரண்டும் கரையின் ஈரமணல் சரிவில் ஏறி, வயிற்றை வைத்து, சர்ரென்று வழுக்கித் தண்ணீரில் விழுந்தன. தொபீர். எழுந்து ஓடி மறுபடியும் ஏறி, ஒன்றை ஒன்று தள்ளி, மறுபடியும் சர்ர், தொபீர். பாதத்தின் மேல் கிடந்த தலை நிமிர்ந்தது. கழுத்து நீண்டது. மறுபடியும் சர்ர். அது ஒரு விசில் அடித்தது, பயந்த விசில் இல்லை, பள்ளிக்கூடம் விட்ட விசில், அவ்வளவுதான், பாதம் லேசாகிவிட்டது. ஓடுகிறது, ஓடுகிறது, சரிவின் உச்சிக்குப் போய்விட்டது, எப்படி விழுவதென்று தெரியாமல் தலைகீழாக உருண்டு, மூன்றும் ஒன்றாய்ப் போய்ச் சேற்றில் விழுந்தன. தாய் வந்தாள். வந்ததும் இதன் பிடரியைப் பல்லால் கவ்வினாள். ஐயோ! காத்தமுத்துவின் கையைப் பவளக்கொடி கிள்ளிய கிள்ளில் மனுஷன் கண்ணில் நீர் வந்துவிட்டது. கவ்வியவள் கடிக்கவில்லை. பின்பக்கமாக முகர்ந்தாள், வயிற்றை முகர்ந்தாள், நிதானமாக, வீட்டுக்கு வந்த பெண்ணின் நகை, பேச்சு, நடை எல்லாம் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு அதைக் கவ்வியபடியே தண்ணீருக்குள் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, முன்னால் நீந்திப் போனாள். குட்டிகள் பின்னால் போயின. இதுவும் போனது. மடு முழுக்க ஒரே கலக்கல்; எல்லாமாகச் சேர்ந்து மீனைக் கரைப்பக்கம் ஒதுக்கி விரட்ட, இதுவும் எதற்கென்று தெரியாமலே கூட்டத்தோடு விரட்டியது. வெள்ளியாய் ஒன்று துள்ளியது. இது முங்கியது. எழவில்லை. இன்னும் எழவில்லை. எழுந்தது பார், வாயில் ஜிலேபிக் கெண்டை, முழுசாக, செதிலும் முள்ளும் வாலுமாக, சூரியனில் பளபளவென்று! கூடவே ஒரு குட்டி வந்து பிடுங்கியது, இது சீறியது, தர மாட்டேன் என்று சீறி, முதுகைக் காட்டிக்கொண்டு, தலையிலிருந்து தின்றது. சந்தோஷம் என்றால் இதுதானா, இப்படியா நெஞ்செலும்பை உள்ளேயிருந்து இடிக்கும், உட்காரவும் விடாமல் நிற்கவும் விடாமல். அவள் அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்த இடமில்லாமல் காத்தமுத்துவின் துண்டில் சிந்தினாள். அவருக்கும் அந்தத் துண்டு தேவைப்பட்டது.

வெயில் ஏற ஏறக் குடும்பம் கிளம்பியது. மடுவின் வாய்க்காலில் இறங்கி, கீழ்ப்பக்கமாக, தண்ணீர் போகிற வழியில். டாக்டரம்மா குனிந்து குனிந்து ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டார், மூக்கெல்லாம் மணல். 'போகுது அக்கா! கூடவே போகுது! அஞ்சு எண்ணினேன், நீங்களும் எண்ணுங்க.' எண்ணினாள். அஞ்சு. 'இதுல நம்மளது எது அக்கா? எனக்குப் பிடிபடலை, நீங்க சொல்லுங்க' என்று பைனாகுலரை நீட்டினார். பவளக்கொடி வாங்கிக் கண்ணில் வைத்தாள். இதென்ன கேள்வி, பார்த்தால் தெரியாதா. முன்னால் போவது தாய். கடைசியில் தடியன். நடுவில் மூன்று தலை. இடது பக்கத்தது. இல்லை, அது திரும்பும் விதம் வேறே. அப்போ நடுவிலது. அதுவும் தட்டை மூக்கு, இதுவும் தட்டை மூக்கு. வலது பக்கத்தது முங்கியது, வேறொரு இடத்தில் எழுந்தது, எது எழுந்தது? மீசை ஒவ்வொன்றாகத் தெரிந்தவள், மார்கழி முழுக்க மடியில் வைத்துத் துவட்டியவள், கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள். மூன்றும் ஒரே மாதிரி நீந்தின. மூன்றும் ஒரே மாதிரி மின்னின. வயிற்றுக்குள் ஏதோ ஒரு படி நழுவியது, ஒரு கணம், ஒரே ஒரு கணம்; அப்புறம் நழுவின அதே இடத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி மேலே வந்தது, நெஞ்சைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, இனிமேல் யார் தடுத்தாலும் நிற்காது என்று. அவள் எழுந்து நின்று தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஐப்பசியிலிருந்து அடைத்து வைத்திருந்த குரலெல்லாம் சேர்த்து, ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: 'தெரியலையே டாக்டரம்மா! எதுன்னு எனக்கே தெரியலையே!' அந்த மனுஷக் குரல் தண்ணீர் மேல் போய்ச் சேர்ந்த உடனே, தலை அஞ்சும் ஒரே நேரத்தில் பயந்து முங்கின. ஒன்றுகூட நின்று திரும்பிப் பார்க்கவில்லை.